சுருதிப் பெட்டி பெருங்குடிக்கு வந்த வழி

வீடியோ அழைப்பில் தம்புராவை மீட்டினால் முதல் சில விநாடிகள் கேட்கும். அப்புறம் மங்கும். சற்று நேரத்தில் சுத்தமாகக் காணாமல் போய்விடும். இணைய இணைப்பில் கோளாறு ஒன்றும் இருக்காது. செயலி தனக்கு இட்ட வேலையைத்தான் செய்கிறது. பேசுகிறவர் குரலை வைத்துக்கொள், பின்னால் விடாமல் ஒரே மாதிரி ஒலிப்பதையெல்லாம் இரைச்சலென்று எடுத்து எறி என்பதுதான் அதற்குக் கொடுத்திருக்கும் உத்தரவு. மின்விசிறி, ஏசி, பக்கத்து வீட்டுத் தண்ணீர் மோட்டார் என்று அது துரத்துகிற வரிசையில் தம்புராவும் அகப்பட்டுக்கொண்டது. விடாமல் ஒரே மாதிரி ஒலிப்பதுதானே தம்புராவின் பிழைப்பே.

2020-இல் ஊரடங்கு வந்து பாட்டு வகுப்பெல்லாம் திரைக்குள் போனபோது வாத்தியார்களுக்கு வந்த தலைவலிகளில் இது முக்கியமானது. ஜூமில் ‘ஒரிஜினல் சவுண்ட்’ என்ற பொத்தானைத் தேடி அழுத்தினால் இரைச்சல் வடிகட்டி விலகிக்கொள்ளும், சுருதி மறுபக்கம் போய்ச் சேரும் என்பது வாய்மொழியாகப் பரவியது. காம்போதிக்கும் அரிகாம்போதிக்கும் என்ன வித்தியாசம் என்று சொல்லிக்கொண்டிருந்த மாமிகள், ‘செட்டிங்ஸில் ஆடியோவுக்குப் போ, கீழே பார்’ என்று சொல்லக் கற்றுக்கொண்டார்கள்.

பெருங்குடியில் இந்தத் திரை வகுப்பு வழக்கம் ஊரடங்கோடு முடிந்துவிடவில்லை. 2011-இல் சென்னை மாநகராட்சியோடு சேருவதற்கு முன் தனிப் பேரூராட்சியாக இருந்த ஊர் இது. ஒரு பக்கம் பழைய மாமல்லபுரம் சாலையின் கண்ணாடிக் கட்டடங்கள், இன்னொரு பக்கம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலமும் குப்பைக் கிடங்கும். நடுவில் அடுக்கு அடுக்காகக் குடியிருப்புகள். மயிலாப்பூரில் வாடகை கட்டுப்படியாகாதவர்கள், கணினி வேலைக்காகக் குடிவந்தவர்கள், பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கத் தாங்கள் மட்டும் இங்கே வந்து தங்கியவர்கள் எல்லாம் கலந்த ஊர். 2007-இல் பறக்கும் ரயில் வேளச்சேரி வரை நீண்டபோது திருமயிலையும் பெருங்குடியும் ஒரே தண்டவாளத்தில் வந்தன. (பெருங்குடி ஸ்டேஷனில் இறங்கினால் பெருங்குடி ஊர் இன்னும் தள்ளித்தான் இருக்கிறது என்பது வேறு விஷயம்.) காலை ஆறரை மணிக்கு இந்தக் குடியிருப்புகளின் நடைபாதையில் போனால் எங்கோ ஒரு கதவுக்குப் பின்னால் சரளி வரிசை கேட்கும். நியூ ஜெர்சியில் அப்போது முந்தின நாள் இரவு. குழந்தை சாப்பிட்டுவிட்டுப் பாட்டுக்கு உட்கார்ந்திருக்கும்.

அப்படி ஒரு வகுப்பை ஓரமாக உட்கார்ந்து பார்த்தேன். மேசையில் மடிக்கணினி, பக்கத்தில் உள்ளங்கை அகலத்தில் கறுப்பாக ஒரு பெட்டி, அதில் சிவப்பாக ஒரு சின்ன விளக்கு. “சுருதி கேக்கறதா கண்ணா?” என்றார் மாமி. “கேக்கறது மாமி. உங்களோடது கேக்கறது, என்னோடதும் கேக்கறது.” “அப்போ உன்னோடதை மட்டும் வெச்சுக்கோ. நான் என்னோடதைக் குறைச்சுக்கறேன்.”

அந்தக் குழந்தையிடமும் ஒரு சுருதி இருந்தாக வேண்டும். பெருங்குடியிலிருந்து நியூ ஜெர்சிக்குப் பதின்மூன்றாயிரம் கிலோமீட்டருக்கு மேல். கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் இரண்டு லட்சம் கிலோமீட்டர்தான் ஓடும். கேபிள் நேர்கோட்டில் போவதில்லை, வழியில் எத்தனையோ கருவிகள். குரல் போய், பதில் குரல் திரும்பி வருவதற்குள் கால் விநாடி போல ஆகிவிடுகிறது. அதனால் குருவும் சிஷ்யையும் சேர்ந்து பாட முடியாது. ஒருவர் பாடி நிறுத்த, மற்றவர் பாடலாம், அவ்வளவுதான். தாளத்தைப் பகிர்ந்துகொள்ள முடியாத அந்த வகுப்பில் இருவருக்கும் பொதுவாக இருப்பது சட்ஜம் ஒன்றுதான். அதையும் இரண்டு வீட்டில் இரண்டு பெட்டிகள் தனித்தனியே ஒலித்துக்கொண்டிருக்கின்றன. இரண்டும் ஒரே ஐந்தரைக் கட்டைச் சுருதியில் நிற்கின்றன என்பதற்கு உள்ளே இருக்கும் மின்சுற்றுதான் பொறுப்பு.

இந்தப் பெட்டி எங்கிருந்து கிளம்பியது என்று கேட்டால் பலா மரத்திலிருந்து என்றுதான் தொடங்க வேண்டும்.

தஞ்சாவூர்த் தம்புராவுக்கும் வீணைக்கும் பலா மரம். பண்ருட்டிப் பக்கத்துப் பலாவுக்கு அதில் பெயர் அதிகம். வடக்கே தம்புராவின் குடம் சுரைக்காயில் செய்வார்கள், நம் பக்கம் மரத்திலேயே குடைவார்கள். நான்கு தந்திகள். பஞ்சமம் ஒன்று, நடு ஸ்தாயி சட்ஜத்தில் சாரணியும் அனுசாரணியும், கடைசியில் மந்தர சட்ஜம். நடுவிரல் பஞ்சமத்தை மீட்டும், ஆள்காட்டி விரல் மற்ற மூன்றையும் பார்த்துக்கொள்ளும். பாடுகிறவரின் தாளத்தோடு இந்த மீட்டலுக்குச் சம்பந்தம் இருக்கக் கூடாது. கை தாளத்தோடு ஒட்டிக்கொண்டு போக ஆரம்பித்தால் பின்னால் உட்கார்ந்தவருக்கு முன்னாலிருந்து ஒரு பார்வை கிடைக்கும்.

வித்தையெல்லாம் தந்தியைத் தாங்கும் குதிரையில் இருக்கிறது. வயலினின் குதிரை மேல்விளிம்பில் மெல்லியதாக இருக்கும், தந்தி அதில் ஒரே இடத்தில் தொட்டுக்கொண்டு நிற்கும். தம்புராவின் குதிரை அகலமானது, மேல்பரப்பு மிக லேசாக வளைந்தது. தந்தி அதிர அதிர அந்த வளைவின் மேல் படிந்தும் விலகியும் போகும். தந்திக்கும் குதிரைக்கும் நடுவே ஒரு நூலைச் செருகி முன்னும் பின்னும் நகர்த்திப் பார்ப்பார்கள். ஜீவா என்று அதற்குப் பெயர். சரியான இடம் வரும்வரை தந்தி மரத்துப்போன மாதிரி ‘டொய்ங்’ என்னும். ஒரு மயிரிழை நகர்ந்ததும் தந்திக்குள்ளிருந்து ரீங்காரம் எழும். மீட்டிய கணத்தில் உச்சத்துக்குப் போய் அடங்காமல், மீட்டிய பிறகு விரிகிற ஓசை அது.

இதை இயற்பியல் கண்ணோடு முதலில் பார்த்தவர் சி.வி. ராமன். திருவானைக்காவலில் பிறந்தவர், மனைவி லோகசுந்தரி வீணை வாசிப்பவர். கல்கத்தாவில் இருந்தபோது 1921-இல் இந்தியத் தந்தி வாத்தியங்களைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். ஒரு தந்தியை எந்தப் புள்ளியில் மீட்டுகிறோமோ, அந்தப் புள்ளியில் அசைவற்று நிற்க வேண்டிய கிளை அதிர்வுகள் எழாது என்பது ஐரோப்பியப் பாடநூல் விதி. வீணையும் தம்புராவும் இந்த விதிக்குக் கட்டுப்படவில்லை, வரக் கூடாத அதிர்வுகளும் பலமாக வருகின்றன, காரணம் அந்த வளைந்த குதிரை என்றார். நோபல் பரிசு வருவதற்கு ஒன்பது ஆண்டுகள் முந்திய வேலை. கச்சேரியில் நுழைந்த நவீன அறிவியல் என்றால் மைக்கும் பெட்டியும்தான் நினைவுக்கு வருகின்றன. ஆனால் அறிவியல் இங்கே முதலில் வந்தது எதையும் மாற்ற அல்ல, காது கொடுத்துக் கேட்கத்தான்.

அந்தக் கிளை அதிர்வுகளில் ஒன்றுக்குத் தனி மரியாதை உண்டு. நன்றாகச் சுருதி சேர்ந்த தம்புராவின் மந்தரத் தந்தியைக் கூர்ந்து கேட்டால், யாரும் மீட்டாத அந்தர காந்தாரம் உள்ளேயிருந்து ஒலிக்கும். அடிப்படை அதிர்வின் ஐந்து மடங்கில் எழுகிற ஓசை. சுயம்பு காந்தாரம் என்பார்கள். அது கேட்கும்வரை, தந்தியை முறுக்கும் பிரடையை விடாதவர்கள் இருந்தார்கள். சபாவில் திரை விலகிப் பத்து நிமிடம் ஆன பிறகும் வித்வான் தம்புராவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, ரசிகர்கள் மறுப்பே சொல்லாமல் உட்கார்ந்திருந்த காலம் ஒன்று உண்டு.

தம்புரா வீட்டுக்கும் சபைக்கும். தெருவுக்கு ஒத்து. நாகஸ்வரக்காரருக்குப் பின்னால், விரல் துளை இல்லாத ஒரு நீள வாத்தியத்தை வாயில் வைத்துக்கொண்டு, கன்னத்தில் காற்றை நிறுத்தி மூக்கால் மூச்சிழுத்து, ஒரே சுரத்தை இடைவிடாமல் ஊதிக்கொண்டு ஒருவர் நடப்பார். பக்கவாட்டில் உள்ள சில துளைகளை மெழுகால் அடைத்தும் திறந்தும் அதன் சுருதியைச் சரிக்கட்டுவார்கள். ஒத்து ஊதுவது என்றால் இன்று பேச்சில் வேறு பொருள். விடிய விடிய நடக்கும் சுவாமி புறப்பாட்டில் ஒற்றைச் சுரத்தை அசையாமல் தாங்குவதற்கு எவ்வளவு மூச்சு வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை.

இந்த இரண்டு பேரையும் வேலையிலிருந்து விலக்கிய கருவி பாரிஸில் பிறந்தது. அலெக்சாந்தர் தெபேன் என்பவர் 1842-இல் ஆர்மோனியத்துக்குக் காப்புரிமை வாங்கினார். காற்று போகும் வழியில் ஒரு பித்தளை நாக்கு. அது துடித்தால் சுரம். நம் மவுண்ட் ரோட்டில் இன்று மியூஸி மியூஸிகல் என்று அழைக்கப்படும் கடை தன் பிறந்த ஆண்டாகச் சொல்வதும் அதே 1842. அப்போது அது மிஸ்குவித் கம்பெனி. தற்செயல்தான், ஆனாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. பாரிஸ் ஆர்மோனியத்தைக் காலால் மிதித்து வாசிக்க வேண்டும். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கல்கத்தாவின் துவாரகாநாத் கோஷ், துருத்தியைப் பின்பக்கம் வைத்து, இடக்கையால் அசைத்து வலக்கையால் வாசிக்கும்படி அதைத் தரைக்கு இறக்கினார். சம்மணம் போட்டு உட்காரும் தேசத்துக்கு அதன் பிறகுதான் ஆர்மோனியம் பொருந்தி வந்தது.

தமிழ்நாட்டில் அதை முதலில் தூக்கி வைத்துக் கொண்டாடியது நாடக மேடை. எஸ்.ஜி. கிட்டப்பாவுக்கு அவர் அண்ணன் காசி ஐயர் ஆர்மோனியம் வாசித்தார். மைக் இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டுமென்றால் குரல் உச்சத்தில் இருக்க வேண்டும், அதற்குத் தோள் கொடுக்க நாக்கு வாத்தியம் வேண்டும். கச்சேரிக்காரர்கள் மூக்கைச் சுளித்தார்கள். அவர்கள் சொன்ன குறை நியாயமானது. ஆர்மோனியத்தில் சுரம் ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குத் தாவும், நடுவே வழுக்கிப் போக வழி கிடையாது. கமகம் இல்லாமல் தோடி ஏது? ஆல் இந்தியா ரேடியோ 1940-இல் ஆர்மோனியத்துக்குக் கதவைச் சாத்தியது, 1971-இல்தான் மறுபடி கொஞ்சம் திறந்தது.

ஆனால் கமகம் தேவைப்படாத ஒரு வேலை இருந்தது. சட்ஜமும் பஞ்சமமும் மட்டும் அசையாமல் ஒலித்தால் போதும். ஆர்மோனியத்தின் மற்ற கட்டைகளையெல்லாம் கழற்றிவிட்டு, துருத்தியையும் சில நாக்குகளையும் மட்டும் வைத்துக்கொண்டால் அதுதான் சுருதிப் பெட்டி. ஆர்மோனியத்தை வாசலிலேயே நிறுத்தியவர்கள் அதன் பெட்டியை மட்டும் சத்தம் காட்டாமல் உள்ளே சேர்த்துக்கொண்டார்கள். பெட்டியோடு அளவுகோலும் வந்தது. முதல் கட்டை ‘சி’, ஐந்தாம் கட்டை ‘ஜி’ என்று ஆர்மோனியத்தை வைத்துத்தான் இன்றும் வித்வான்கள் தங்கள் சுருதியைச் சொல்கிறார்கள். ‘எனக்கு ஒண்ணரைக் கட்டை’ என்று தமிழில் சொல்லும்போது எண்ணுவது ஐரோப்பியக் கணக்கை.

மரச் சுருதிப் பெட்டியைப் போட ஒரு கை வேண்டும். வீட்டில் தங்கை, பாட்டி, பாட்டு வராத தம்பி என்று யாராவது அதன் முன் உட்கார்ந்திருப்பார்கள். துருத்தியை ஏறத்தாழ ஒரே அழுத்தத்தில் வைத்திருக்க வேண்டும். தூக்கம் கண்ணைச் சுற்றினால் சுருதி விட்டுவிட்டு வரும். மழைக்காலத்தில் நாக்கில் ஈரம் ஏறிக் கரகரக்கும். பாட்டு கற்றுக்கொண்டவர்கள் எழுதிய நினைவுகள் ஏராளம் இருக்கின்றன. பெட்டி போட்டவர்கள் எழுதியதாக நான் ஒன்றும் படித்ததில்லை.

இதற்கிடையே 1930-களில் மைக் வந்தது. பெரிய மாறுதலென்றால் அதுதான். ஐந்து கட்டையில் பாடிய ஆண் குரல்கள் மெல்லக் கீழே இறங்கின, குரலை எறிய வேண்டியதில்லை என்றானபோது நுணுக்கத்துக்கு இடம் கிடைத்தது. அந்தக் கதை தனியாக எழுத வேண்டிய அளவுக்குப் பெரியது. இங்கே வேண்டியது அதன் ஒரு விளைவு மட்டும்: மேடையில் ஒலி என்பது மின்சாரத்தின் வழியாகப் போகத் தொடங்கிவிட்டது. அப்படியானால் சுருதி மட்டும் ஏன் மரத்திலிருந்தும் காற்றிலிருந்தும் வர வேண்டும்?

பெங்களூரில் ஒருவர் இந்தக் கேள்விக்குச் சாலிடரிங் இரும்போடு உட்கார்ந்தார். ஜி. ராஜ் நாராயண், பொறியாளர், புல்லாங்குழல் வாசிப்பவர். அவர் 1979-இல் மின்னணுத் தம்புராவை உருவாக்கினார். அவர் தொடங்கிய ராடெல் நிறுவனத்தின் பெட்டிகள் பிறகு வீட்டுக்கு வீடு வந்தன. பொறியாளராக மட்டும் இருந்திருந்தால் ‘பீப்’ என்று ஒரு சத்தத்தைக் கொடுத்துவிட்டு நகர்ந்திருப்பார். பாடகராக மட்டும் இருந்திருந்தால் இருக்கிற தம்புரா போதும் என்றிருப்பார். புல்லாங்குழல்காரருக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. வாயும் இரண்டு கையும் குழலுக்குப் போய்விடுகிறது, தனியாகச் சாதகம் செய்யும்போது சுருதிக்கு வேறொருவர் வேண்டும்.

ஒரே அளவில் அதிரும் மின்னலையை உண்டாக்குவது பெரிய காரியமல்ல. அது தம்புராவாகக் கேட்க வேண்டும் என்பதுதான் பாடு. மீட்டியதும் எழுந்து, விரிந்து, தேய்வதற்குள் அடுத்த தந்தி வந்து மேலே சேர வேண்டும். கையால் சேர்த்த சாரணியும் அனுசாரணியும் இம்மி பிசகாமல் ஒன்றாக இருப்பதில்லை. அந்த நூலிழை வித்தியாசத்தில் ஓசை மெதுவாக அலைகிறது. மின்சுற்றில் இரண்டையும் அச்சாக ஒன்றாக்கினால் காது சீக்கிரம் சலித்துவிடும். இன்னொரு தொல்லை, அந்தக் காலத்து அனலாக் மின்சுற்றுகள் சூடானால் சுருதி நகரும். பின்னால் குவார்ட்ஸ் படிகமும் டிஜிட்டல் சில்லும் வந்து அந்த நகர்வை நிறுத்தின. அதற்கும் பின்னால் நிஜத் தம்புராவையே பதிவு செய்து பெட்டிக்குள் வைக்கத் தொடங்கினார்கள். பலா மரத்தின் குரல் இப்படிச் சில்லுக்குள் போய்ச் சேர்ந்தது.

பெட்டியின் முகத்தில் சில திருகுகள், ஓரிரு பொத்தான்கள். சுருதி, ஒலி, மீட்டும் வேகம். முதல் தந்தி பஞ்சமமா மத்திமமா என்று மாற்ற ஒன்று. புன்னாகவராளி, குறிஞ்சி போன்ற ராகங்களை மத்திம சுருதியில் பாடுவது வழக்கம். தம்புராவில் அதற்குப் பிரடையைத் திருகி, மணியை நகர்த்தி, காது வைத்துக் கேட்டு, கச்சேரியின் ஓட்டத்தை நிறுத்த வேண்டும். பெட்டியில் கண் சிமிட்டும் நேரம் போதும்.

இதனால் அதிகம் பிழைத்தவர்கள் மேடைக்காரர்கள் என்று நான் நினைக்கவில்லை. சமையல் முடித்து, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பி, பதினோரு மணிக்குக் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகப் பாட உட்கார்ந்த பெண்கள்தான். தம்புரா வாங்கக் காசில்லாத, வாங்கினாலும் ஒற்றை அறையில் அதைச் சாய்த்து வைக்க மூலை இல்லாத மாணவர்களும்தான். ஆளுயரத்துக்குக் கொஞ்சம் குறைவான ஒரு தம்புராவை ஷேர் ஆட்டோவில் ஏற்றிப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

கடல் கடந்தவர்களுக்கு அது இன்னும் வேண்டியிருந்தது. கிளீவ்லாந்தில் 1978 முதல் தியாகராஜ ஆராதனை நடக்கிறது. சென்னையிலிருந்து அமெரிக்கா திரும்பும் பெட்டிகளில் புளிக்கும் அப்பளத்துக்கும் நடுவே புடவையில் சுற்றிய சுருதிப் பெட்டியும் போனது. இங்கே 230 வோல்ட், அங்கே 120. போய்ச் சேர்ந்ததும் அந்த மின்சாரத்துக்கு ஏற்ற அடாப்டர் தேட வேண்டும்.

கெட்ட பேரும் சேர்ந்தே வந்தது. 1980-களுக்குப் பிறகு பல மேடைகளில் தம்புரா இருந்தும் இல்லாத மாதிரி ஆனது. பெட்டி மைக்குக்குப் பக்கத்தில் உறுமும், தம்புரா அழகுக்குப் பின்னால் நிற்கும். சில கச்சேரிகளில் அதுவும் இல்லை. ஓசையைப் பற்றிய சண்டை ஓயாதது. அதில் எனக்குப் பெரிய கட்சி கிடையாது. நல்ல டிஜிட்டல் தம்புராவையும் நிஜத் தம்புராவையும் சபாவின் ஒலிபெருக்கி வழியாகக் கேட்டுப் பிரித்துச் சொல்கிறேன் என்பவர்களில் பாதிப் பேரை நான் நம்புவதில்லை.

போனது வேறு. வித்வானுக்குப் பின்னால் தம்புரா போட உட்கார்ந்த சிஷ்யனுக்கு அது வேலை மட்டுமல்ல, கச்சேரியிலேயே சிறந்த இருக்கை. குருவின் மூச்சு எங்கே எடுக்கப்படுகிறது, நிரவலில் மிருதங்கக்காரரைப் பார்த்து எப்போது தலை அசைகிறது, எந்தச் சங்கதி கைவிடப்பட்டு எது தொடரப்படுகிறது என்பதெல்லாம் முதல் வரிசை ரசிகருக்குக்கூடத் தெரியாது. குருவின் தொண்டை களைக்கும்போது மெல்லச் சேர்ந்து பாடும் உரிமையும் அங்கே உண்டு. எம்.எஸ். சுப்புலட்சுமி கச்சேரிகளில் ராதா விஸ்வநாதன் உட்கார்ந்த இடத்தை நினைத்துப் பார்க்கலாம். பெட்டிக்கு அந்த இருக்கை தேவைப்படவில்லை. பத்துப் பதினைந்து ஆண்டுகளாகத் தம்புரா மறுபடி மேடைக்கு வந்துகொண்டிருக்கிறது. இரண்டு தம்புராவை மீட்டவிட்டு, பெட்டியையும் ஓரத்தில் அடக்கமாக ஓடவிடுகிற வித்வான்கள் இப்போது உண்டு. பின்னால் உட்கார இரண்டு பிள்ளைகளுக்கு இடம் கிடைத்திருக்கிறது. எனக்கு அது போதும்.

பெட்டியின் பயணத்தில் எதிர்பாராத ஒரு நிறுத்தம் பெருங்குடிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. தரமணியைத் தாண்டினால் கிண்டிக் காட்டை ஒட்டி ஐஐடி வளாகம். அங்கே ஹேமா மூர்த்தியின் குழு பல ஆண்டுகளாகக் கர்நாடக இசையைக் கணினிக்குக் கேட்கக் கற்றுக்கொடுத்துவந்தது. பார்சிலோனாவின் சேவியர் செர்ரா தலைமையில், ஐரோப்பிய ஆராய்ச்சி மன்றத்தின் நிதியில் 2011-இல் தொடங்கிய ‘காம்ப்மியூசிக்’ திட்டத்தில் இந்தக் குழுவும் சேர்ந்தது. அதில் வேலை செய்தவர்களில் விக்னேஷ் ஈஸ்வர் இன்று தெரிந்த பாடகர்.

அவர்கள் முன் வந்து நின்ற முதல் கேள்விகளில் ஒன்று: இந்தப் பதிவில் சட்ஜம் எது? மேற்கத்திய இசையில் ‘சி’ என்றால் எங்கும் ‘சி’தான். நம்மிடம் ஒருவரின் சட்ஜம் இன்னொருவரின் பஞ்சமம். சட்ஜம் தெரியாத வரை கணினிக்குக் கல்யாணியும் கரகரப்ரியாவும் வெறும் அதிர்வெண்கள். அவர்கள் கையில் எடுத்த துப்புகளில் ஒன்று தம்புரா. பாட்டு எங்கே அலைந்தாலும் விடாமல் ஒலிக்கும் சுரங்களை எண்ணிக் குவித்தால் சட்ஜமும் பஞ்சமமும் மேடாக எழும்பும். கணினி செய்கிற பிழையும் சுவாரசியமானது. சில சமயம் பஞ்சமத்தையோ மத்திமத்தையோ சட்ஜமென்று பிடித்துக்கொள்கிறது. பாடுகிறவர் ஆணா பெண்ணா என்று முன்கூட்டிச் சொல்லிவிட்டால் பிழை குறைகிறது. புதிதாகக் கச்சேரிக்கு வருகிற ரசிகருக்கும் கிட்டத்தட்ட இதே குழப்பம் வரும், ஆனால் அவர் பக்கத்து இருக்கைக்காரரிடம் கேட்டுக்கொள்வார்.

இப்போது பெட்டிக்குள் இருந்தது ஃபோனுக்குள் போய்விட்டது. பிரசாத் உபாசனி உருவாக்கிய ‘ஐதப்லா ப்ரோ’ போன்ற செயலிகளில் தம்புரா, தப்லா, சுருதிப் பெட்டி எல்லாம் ஒரே திரையில். அரைச் சுரத்தை நூறாகப் பிரித்து அதில் ஒன்றிரண்டு ஏற்றலாம், இறக்கலாம். காலையில் தொண்டை கட்டியிருந்தால் கொஞ்சம் கீழே வைத்துப் பாடிவிட்டு யாருக்கும் சொல்லாமல் இருந்துவிடலாம். மேடையிலும் இதுவே. ஃபோனிலிருந்து ஒரு ஒயர் ஒலிபெருக்கிக்காரரின் பலகைக்குப் போகிறது, சுருதி அரங்கமெங்கும் நிற்கிறது. தம்புராவைச் சேர்க்கிற பிள்ளைகளும் ஃபோனை மடியில் வைத்துக்கொண்டு, சுருதி காட்டும் செயலியின் முள் நடுவில் வந்ததும் பிரடையை விட்டுவிடுகிறார்கள். சரியாகத்தான் சேர்ந்திருக்கும். காந்தாரம் ஒலிக்கிறதா என்று கேட்டுப் பார்த்தீர்களா என்று கேட்டால் சில பேர் கேட்டிருப்பார்கள்.

ஆனால் ஃபோனில் ஒரு கஷ்டம், அது ஃபோன். பெருங்குடி மாமியின் நேர் வகுப்பில் ஏழெட்டுப் பிள்ளைகள் விரிபோணி வர்ணத்தைப் பாடிக்கொண்டிருந்தார்கள். முக்தாயி சுரம் முடியப்போகிற நேரத்தில் தம்புரா சட்டென்று நின்றது. சாப்பாடு கொண்டுவந்த பையன் கீழே கேட்டில் நின்று அழைத்திருக்கிறான். பிள்ளைகள் நிறுத்தவில்லை. அரை ஆவர்த்தனம் சுருதி இல்லாமலே பாடினார்கள், அதில் யார் எங்கே போனார்கள் என்பது மாமிக்கு உடனே தெரிந்துவிட்டது. “பாத்தியா, பெட்டி இருக்கறப்போ நீங்க எல்லாரும் வித்வான்” என்றார்.

புதிதாகச் சேரும் குழந்தைகளின் அம்மாக்களிடம் அவர் இப்போது ஒன்று சொல்கிறார். தனியாக ஒரு பெட்டி வாங்குங்கள். வாங்க முடியாவிட்டால் அலமாரியில் போட்டு வைத்திருக்கும் பழைய ஃபோனை எடுங்கள், சிம்மைக் கழற்றுங்கள், வைஃபையை நிறுத்துங்கள், சுருதிச் செயலியைத் தவிர மற்றதையெல்லாம் அழித்துவிடுங்கள். அவர் வீட்டுக் கூடத்து அலமாரியில் அப்படி நாலைந்து ஃபோன்கள் வரிசையாகச் சார்ஜில் நிற்கின்றன, கண்ணாடி விரிசல் விட்டவை, பின்மூடியை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியவை. ஒவ்வொன்றின் முதுகிலும் வெள்ளை டேப்பில் பேனாவால் எழுதியிருக்கிறது: ஐந்தரை, ஐந்து, ஆறு, ஒன்று.